யெஸ் சார் சொன்னது யார்?

‘ப்ராக்ஸி’ என்றால் என்ன என்று கல்லூரி மாணவர்களைக் கேட்டால் இரண்டு பதில்கள் வரும். முதலாவது, காலை முதல் வகுப்புக்கு வராமல் விடுதியில் தூங்கிக்கொண்டிருக்கும் நண்பனுக்காகக் கடைசி பெஞ்சிலிருந்து குரலை மாற்றி ‘யெஸ் சார்’ சொல்வது. இரண்டாவது, விடுதியில் இணையம் வேண்டுமென்றால் உலாவியின் செட்டிங்ஸுக்குள் போய் ஓர் ஐபி முகவரியையும் 3128 என்ற போர்ட் எண்ணையும் தட்ட வேண்டிய அந்தப் பழைய சடங்கு. இந்தக் கட்டுரையில் வரப்போவது மூன்றாவது வகை. ஆனால் அதைப் புரிந்துகொள்ள முதல் வகைதான் அதிகம் உதவும். பெயரைக் கூப்பிடும் பேராசிரியர் தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் நம்பினால், வருகைப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் யாராகவும் இருக்கலாம் அல்லவா?

விடுதி ப்ராக்ஸி, உள்ளே இருப்பவர்கள் சார்பாக வெளியே போய்ப் பக்கங்களை வாங்கி வருவது. ரிவர்ஸ் ப்ராக்ஸி இதற்கு நேர் எதிர். இணையத்திலிருந்து வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, அவர்கள் கேட்பதை உள்ளே இருக்கும் வெப் சர்வரிடம் வாங்கி வந்து கொடுப்பது. வருகிறவருக்கு உள்ளே இன்னொரு சர்வர் இருப்பதே தெரியாது.

இந்தப் பழக்கம் ஏன் வந்தது என்பதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 1995 இல் வந்த அப்பாச்சி சர்வர், வருகிற ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி ப்ராசஸை ஒதுக்கி வேலை செய்தது. சில நூறு பேர் வரும்வரை பிரச்சினை இல்லை. 1999 இல் டான் கெகல் என்பவர், ஒரே கணினி ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளை ஏன் தாங்கக்கூடாது என்று கேட்டு எழுதிய பக்கம் பிரபலமானது. ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2002 இல் எழுதத் தொடங்கி 2004 இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், அந்தக் கேள்விக்குக் கிடைத்த நல்ல பதில்களில் ஒன்று. பழைய அப்பாச்சியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்கள், அதற்கு முன்னால் என்ஜின்எக்ஸை வைத்தார்கள். 2009 இல் ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் முறை வெளியானது. கோரிக்கையை முடிக்காமல் சொட்டுச் சொட்டாக அனுப்பி, ஒற்றைக் கணினியால் ஒரு அப்பாச்சி சர்வரையே படுக்க வைத்துவிடலாம் என்று அது காட்டியபோது, ‘முன்னால் ஒரு ப்ராக்ஸி வை’ என்பது கிட்டத்தட்டப் பழமொழியாகிவிட்டது. பிறகு கிளவுட்ஃப்ளேர் போன்ற நிறுவனங்கள் அந்தப் ப்ராக்ஸியையே ஒரு சேவையாகக் கொடுக்க ஆரம்பித்தன. இலவசமாகவும்!

அறிவுரை நல்ல அறிவுரைதான். கோளாறு அதோடு ஒட்டிக்கொண்டு வந்த நம்பிக்கையில் இருக்கிறது. முன்னால் ஒன்றை வைத்துவிட்டால் பாதுகாப்பும் வேகமும் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ப்ராக்ஸி வந்த அந்த நிமிடமே பின்னால் இருக்கும் சர்வர் ஒன்றை இழந்துவிடுகிறது. இனி அது யார் முகத்தையும் நேரில் பார்க்காது. ப்ராக்ஸி சொல்வதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே அதன் கான்ஃபிக் கோப்பில் எழுதப்படும் ஒவ்வொரு முக்கியமான வரியும், பாதுகாப்புக்கானதோ வேகத்துக்கானதோ, யாருடைய வார்த்தையை நம்புவது என்ற முடிவுதான். அந்த முடிவை எடுக்கிறோம் என்று தெரியாமலே, எங்கிருந்தோ பத்து வரிகளை வெட்டி ஒட்டி எடுக்கிறவர்கள்தான் அதிகம்.

முகத்தை இழப்பது என்றால் என்ன என்று பார்க்கலாம். டி.சி.பி இணைப்பில் மறுமுனையின் ஐபி முகவரி சர்வருக்குத் தெரியும். ப்ராக்ஸி நடுவில் வந்ததும் மறுமுனையில் இருப்பது ப்ராக்ஸி மட்டுமே. லாக் கோப்பைத் திறந்தால் ஊரில் உள்ள அத்தனை பேரும் ஒரே முகவரியிலிருந்து வந்ததாக இருக்கும். கடவுச்சொல்லைத் தவறாக அடித்து அடித்துப் பார்க்கிறவர்களைத் தடுக்க ஃபெயில்2பேன் போட்டிருப்பார்கள். அது கடமை உணர்ச்சியோடு அந்த முகவரியைத் தடுக்கும். அந்த முகவரி யாருடையது? ப்ராக்ஸியுடையது. ஒரே ஒரு திருடனைப் பிடிக்கப் போய் வாசல் கதவையே பூட்டி, தளம் மொத்தமும் நின்றுபோகும். சர்வர் நிர்வாகி ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, தன் தளத்தைத் தாக்கியது யார் என்று தேடிக்கொண்டிருப்பார். தாக்கியது அவர் வைத்த காவலாளி.

இதன் பெரிய உருவம் 2007 புத்தாண்டு நேரத்தில் நடந்தது. அப்போது கத்தார் நாட்டின் இணையப் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் ஒரே ப்ராக்ஸி முகவரி வழியாகத்தான் வெளியே வந்தது. விக்கிப்பீடியாவில் அந்த முகவரியிலிருந்து விஷமத் தொகுப்புகள் நிறைய வருகின்றன என்று ஒரு நிர்வாகி வழக்கம்போல அதைத் தடுத்தார். ஒரு முழு நாடும், கணக்கில்லாமல் தொகுக்கும் வசதியைச் சில மணி நேரம் இழந்தது. நிர்வாகி மேல் தப்பு இல்லை. அவர் முன்னால் இருந்தது ஒரு முகவரி. அதற்குப் பின்னால் எத்தனை முகம் என்று அது சொல்லவில்லை.

விக்கிப்பீடியாவை நடத்துகிறவர்கள் இந்த வகைச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த வழிதான் இங்கே கவனிக்க வேண்டியது. எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்று ஒரு ஹெடர் உண்டு. ஸ்க்விட் ப்ராக்ஸியை உருவாக்கியவர்கள் தொடங்கி வைத்த வழக்கம் அது. ‘இந்தக் கோரிக்கை என்னுடையதல்ல, இன்ன முகவரிக்காரருடையது’ என்று ப்ராக்ஸி எழுதி அனுப்பும் ஒரு வரி. அவர்கள் அந்த வரியை எல்லாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளவில்லை. நம்பத்தகுந்த இணைய நிறுவனங்களின் ப்ராக்ஸிகள் எவை என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அவை எழுதியதை மட்டும் நம்பினார்கள். அந்தப் பட்டியல்தான் விஷயமே.

ஏனென்றால் அந்த ஹெடர் வெறும் எழுத்து. தாலுகா ஆபீசுக்குப் போகிறவர் கையில் இருக்கும் சிபாரிசுக் கடிதம் மாதிரி. கடிதத்தைத் தாசில்தாருக்குத் தெரிந்த ஆள் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு மதிப்பு. மனு கொடுக்கிறவரே வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தால்? ஒரே தாள்தான், ஒரே மைதான். அதைப் போலத்தான் இதுவும். உலாவியில் ஒரு நீட்சியைப் போட்டாலோ, கட்டளை வரியில் ஒரு வரி அடித்தாலோ, எவரும் தன் கோரிக்கையோடு எந்த முகவரியையும் எழுதி அனுப்பலாம்.

இதை ஒருவர் தற்செயலாகச் செய்து பார்த்த கதை உண்டு. பி.எச்.பி மொழியின் உருவாக்கத்தில் பங்களித்த ஆண்டனி ஃபெராரா 2012 இல் அதை விவரமாக எழுதினார். அதற்குச் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் தன் உலாவலுக்காக ஸ்க்விட் ப்ராக்ஸி ஒன்றை அமைத்திருந்தார். அதன் வழியாக ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்துக்குப் போனபோது, சாதாரணப் பயனருக்குத் தெரியக்கூடாத, உருவாக்குநர்களுக்கான தகவல்கள் அவருக்குத் தெரிய ஆரம்பித்தன. காரணம் இதுதான்: அவருடைய ஸ்க்விட், எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் வரியில் 127.0.0.1 என்று எழுதி அனுப்பியது. அந்தத் தளம் அந்த வரியை அப்படியே நம்பியது. 127.0.0.1 என்றால் ‘இதே கணினி’, ஆகவே வந்திருப்பவர் வீட்டுக்காரர்! அவர் நல்லவராக இருந்ததால் உடனே தெரிவித்தார், அவர்களும் விரைவாகச் சரிசெய்தார்கள். உலகத்தின் நிரலாளர்களெல்லாம் சந்தேகம் கேட்கப் போகும் இடத்திலேயே இந்த ஓட்டை இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், சாதாரணத் தளங்களில் எத்தனை இருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம்.

ஜாங்கோ குழுவினர் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். இந்த ஹெடரைப் பார்த்துப் பயனரின் முகவரியை மாற்றி வைக்கும் ஒரு பகுதி அவர்களிடம் இருந்தது. எல்லா இடத்திலும் நம்பிக்கையாக வேலை செய்யும்படி அதை எழுத முடியாது என்று சொல்லி 2009 இல் வந்த 1.1 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். வசதியாக இருந்த ஒன்றை, வசதியாக இருக்கிறது என்பதற்காகவே வைத்திருக்காமல் நீக்கிய துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்படியானால் எப்படித்தான் படிப்பது? இந்த ஹெடரில் பல முகவரிகள் காற்புள்ளி போட்டு வரிசையாக இருக்கலாம். ஒவ்வொரு ப்ராக்ஸியும், தன்னிடம் வந்து நின்றவரின் முகவரியை வலது கடைசியில் சேர்த்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பும். ஒரு குறும்புக்காரன் முதலிலேயே 10.0.0.5 என்று எழுதி அனுப்பினால், ப்ராக்ஸி அதற்கு வலப்பக்கம் அவனுடைய உண்மையான முகவரியைச் சேர்க்கும். இடதுபக்கம் இருப்பது அவன் சொன்னது. வலதுபக்கம் இருப்பது ப்ராக்ஸி கண்ணால் கண்டது. எனவே வலமிருந்து இடமாகப் படித்துக்கொண்டே வந்து, சொந்தப் ப்ராக்ஸிகளின் முகவரிகளைத் தள்ளிவிட்டு, முதலில் தட்டுப்படும் அந்நிய முகவரியில் நின்றுவிட வேண்டும். என்ஜின்எக்ஸில் ‘ரியல் ஐபி’ என்ற மாட்யூலும், அப்பாச்சி 2.4 இல் ‘மாட் ரிமோட்ஐபி’யும் இதைத்தான் செய்கின்றன. இரண்டுமே முதலில் கேட்கும் கேள்வி ‘எந்த முகவரியிலிருந்து வந்தால் நம்பட்டும்?’ என்பது.

இந்தக் கேள்விக்குத்தான் வெட்டி ஒட்டுகிறவர்கள் மிக மோசமான பதிலை எழுதுகிறார்கள்: 0.0.0.0/0. அதாவது, உலகத்தில் உள்ள எல்லாரையும் நம்பு. எழுதியவுடன் லாக் கோப்பில் முகவரிகள் அழகாக வர ஆரம்பிக்கும். வேலை முடிந்தது என்று தோன்றும். எக்ஸ்பிரஸில் ‘ட்ரஸ்ட் ப்ராக்ஸி’ என்பதற்கு நேரே ‘ட்ரூ’ என்று எழுதுவதும் இதே கதைதான். அப்படி எழுதினால் அது இடது கடைசி முகவரியையே எடுத்துக்கொள்ளும் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. கையேட்டைப் படிக்கிறவர் யார்! பிழை வந்தால்தானே ஒருவர் திரும்பிப் பார்ப்பார். இது பிழையே காட்டாமல், சரியாக வேலை செய்வதுபோலவே இருக்கும் தவறு. உட்கார்ந்து யோசித்தால், கான்ஃபிக் கோப்பில் செமிகோலனை விட்டுவிட்டு சர்வரே கிளம்பாமல் போவது எவ்வளவோ மேல்.

சரி, நம்பும் பட்டியலைச் சரியாக எழுதியாகிவிட்டது. பின்கதவு?

முன்னால் ப்ராக்ஸி இருக்கிறது என்பதற்காக எல்லாரும் அதன் வழியாகத்தான் வருவார்கள் என்று எந்தச் சட்டமும் இல்லை. பின்னால் இருக்கும் சர்வருக்கும் ஒரு பொது முகவரி இருந்தால், அதை நேரே தட்டலாம். ‘அந்த முகவரி யாருக்குத் தெரியப்போகிறது’ என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான இசட்மேப் என்ற கருவி 2013 இல் வெளியானபோது, ஒரு ஜிகாபிட் இணைப்புள்ள ஒற்றைக் கணினியால் ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க முடியும் என்று காட்டினார்கள். ஒரு பீரியட் நேரம்! மறைந்திருப்பது பாதுகாப்பாகாது. ஃபயர்வாலில் 80, 443 இரண்டு போர்ட்டுகளையும் ப்ராக்ஸியின் முகவரிகளுக்கு மட்டும் திறந்துவிட்டு மற்றவர்களுக்கு மூட வேண்டும். ப்ராக்ஸியும் சர்வரும் ஒரே கணினியில் இருந்தால் இன்னும் சுலபம், சர்வரை 127.0.0.1 இல் மட்டும் காதுகொடுக்கச் சொன்னால் போதும்.

டாக்கர் பயன்படுத்துகிறவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். போர்ட்டை வெளியிடும்போது முன்னால் 127.0.0.1 என்று குறிப்பிடாமல் வெறும் 8080:8080 என்று எழுதினால், அது எல்லா முகவரிகளிலும் திறக்கும். அதோடு டாக்கர் தன் விதிகளை நேரே ஐபிடேபிள்ஸில் எழுதுவதால், உபுண்டுவின் யு.எஃப்.டபிள்யூ ஃபயர்வால் அந்தப் போர்ட்டை மூடியிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது திறந்து கிடக்கும். முன்வாசலில் பூட்டு, வாட்ச்மேன், கேமரா எல்லாம் வைத்துவிட்டுக் கொல்லைப்புறக் கதவைச் சாத்தாமல் ஊருக்குப் போவது இதுதான்.

சி.டி.என் சேவைகளுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு இன்னொரு நுணுக்கம். அந்த நிறுவனத்தின் முகவரிகளை மட்டும் அனுமதித்தால் போதும் என்று தோன்றும். ஆனால் அதே முகவரிகளிலிருந்துதான் அந்த நிறுவனத்தின் மற்ற லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களின் போக்குவரத்தும் புறப்படுகிறது. தாக்க நினைப்பவனும் அங்கே ஒரு கணக்குத் தொடங்கலாம். ஆகவே முகவரியோடு நிறுத்தாமல், ப்ராக்ஸி ஒரு சான்றிதழையோ ரகசியச் சொல்லையோ காட்டினால்தான் உள்ளே விடுவது என்று வைப்பது நல்லது. முகவரி சீருடை மாதிரி. சீருடை போட்டவரெல்லாம் நம் கல்லூரி மாணவர்தான், ஆனால் நம் வகுப்பு மாணவரா?

எச்.டி.டி.பி.எஸ் விஷயத்திலும் இதே முகம் தெரியாத குழப்பம் உண்டு. ப்ராக்ஸி பூட்டைத் திறந்து, உள்ளே வெறும் எச்.டி.டி.பியாகக் கொடுக்கும். சர்வர், ‘ஐயோ, பாதுகாப்பில்லாமல் வருகிறாரே’ என்று எச்.டி.டி.பி.எஸ் முகவரிக்குத் திருப்பி அனுப்பும். அவர் மறுபடி ப்ராக்ஸி வழியாகவே வருவார், மறுபடி திருப்பி அனுப்பப்படுவார். கடைசியில் உலாவியே அலுத்துப்போய், எண்ணற்ற முறை திருப்பிவிடப்பட்டதாகச் சொல்லி நின்றுவிடும். எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ என்ற ஹெடரை (நம்பத்தகுந்த ப்ராக்ஸியிடமிருந்து மட்டும்) படித்தால் இது தீரும். தீராமல் இருக்கும் இன்னொரு கேள்வி, ப்ராக்ஸிக்கும் சர்வருக்கும் நடுவே அந்த வெறும் எச்.டி.டி.பி எந்தக் கம்பியில் போகிறது என்பது. ஒரே கணினிக்குள் என்றால் கவலையில்லை. வெவ்வேறு ஊர்களில் என்றால்? 2013 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்ட அமெரிக்க உளவு நிறுவனத்தின் ஒரு கைப்படம் நினைவிருக்கலாம். கூகுளின் முன்வாசல் சர்வரில் அம்புக்குறி போட்டு, மறையாக்கம் இங்கேதான் சேர்க்கப்படுகிறது, இங்கேதான் கழற்றப்படுகிறது என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் வரைந்திருந்தார்கள். கூகுள் தன் தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்புகளையும் மறையாக்கம் செய்வதை அந்த ஆண்டில்தான் விரைவுபடுத்தியது.

இனி வேகம். இங்கேதான் ஆபத்தின் ருசி அதிகம், ஏனென்றால் ப்ராக்ஸி தரும் வேகம் உண்மையானது.

ஒரு கல்லூரித் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிவு வெளியாகும் காலை. முகப்புப் பக்கத்தை நொடிக்கு ஆயிரம் பேர் கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தை ப்ராக்ஸி ஒரே ஒரு நொடி தன் கேஷில் வைத்திருந்தால் போதும், உள்ளே இருக்கும் சர்வர் ஆயிரம் முறைக்குப் பதில் நொடிக்கு ஒருமுறை தயாரித்தால் முடிந்தது. புது சர்வர் வாங்க வேண்டாம், நிரலை மாற்றி எழுத வேண்டாம். கேஷ் இல்லாவிட்டாலும்கூட லாபம் உண்டு: மெதுவான செல்பேசி இணைப்பில் இருப்பவருக்குப் பக்கம் போய்ச் சேர பத்து நொடி ஆகலாம். சர்வர் அதை ப்ராக்ஸியிடம் ஒரு கணத்தில் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடும், காத்திருக்கும் வேலை ப்ராக்ஸியுடையது. (முகப்பில் 4 எம்.பி அளவில் தாளாளரின் பொன்னாடைப் படம் இருந்தால் இந்த வித்தையெல்லாம் வீண். முதலில் அதைச் சிறிதாக்க வேண்டும். ஆனால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும்!)

அதே தளத்தில் அடுத்த பக்கம் மதிப்பெண் பட்டியல். மாணவர் உள்நுழைந்து பார்ப்பது. முகவரி எல்லாருக்கும் ஒன்றே, உள்ளடக்கம் ஒவ்வொருவருக்கும் வேறு. இந்தப் பக்கத்தையும் ப்ராக்ஸி ஒரு நொடி வைத்திருந்தால்? முதலில் வந்தவரின் மதிப்பெண்ணை, அந்த நொடியில் வந்த அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 2015 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினம். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் விளையாட்டுக் கடையில் தள்ளுபடி விற்பனை. அதே நேரத்தில் கடைமேல் சேவைமறுப்புத் தாக்குதல். விற்பனைக் கால சராசரியைவிடப் போக்குவரத்து 2000 சதவீதம் அதிகமானதாக அந்த நிறுவனம் பிறகு சொன்னது. சமாளிப்பதற்காக, அவர்களுடைய கேஷ் சேவையைக் கவனிக்கும் நிறுவனம் புதிய கேஷ் விதிகளைப் போட்டது. தாக்குதலின் இரண்டாவது அலையில் போடப்பட்ட விதிகளில் ஒன்று, உள்நுழைந்த பயனர்களின் பக்கங்களையும் கேஷில் வைத்துவிட்டது. பசிபிக் நேரம் 11:50 முதல் 13:20 வரை, ஒன்றரை மணி நேரம், ஒருவருடைய பக்கம் இன்னொருவருக்குப் போனது. சுமார் 34 ஆயிரம் பேரின் விவரங்கள் இப்படி வெளியாகியிருக்கலாம் என்பது அவர்களின் கணக்கு. பில் முகவரி, மின்னஞ்சல், வாங்கிய பொருட்கள், கடன் அட்டையின் கடைசி இரண்டு எண்கள், தொலைபேசியின் கடைசி நான்கு எண்கள். கடையையே இழுத்து மூடி, விதிகளைத் திருத்திவிட்டுத்தான் திறந்தார்கள்.

யாரும் எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாக்கியவர்கள் கடையை முடக்கத்தான் பார்த்தார்கள். விவரங்களை எடுத்துக் கொடுத்தது தற்காப்புக்காக அவசரத்தில் போடப்பட்ட வேகத்துக்கான விதி. பாதுகாப்பு ஒரு வேலை, வேகம் இன்னொரு வேலை என்று இரண்டு தனித்தனிப் பட்டியலாகச் சொல்லிக் கொடுக்கும் பாடங்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் போதுமான மறுப்பு.

இத்தனைக்கும் மென்பொருட்கள் முட்டாள்கள் அல்ல. பதிலில் குக்கி வைக்கும் ஹெடர் இருந்தால் என்ஜின்எக்ஸ் இயல்பாகவே அதை கேஷில் வைக்காது. ‘ப்ரைவேட்’ என்றோ ‘நோ-ஸ்டோர்’ என்றோ சர்வர் சொல்லியிருந்தாலும் வைக்காது. வார்னிஷ் அதைவிடக் கறார். கோரிக்கையில் குக்கி இருந்தாலே கேஷைத் தொடாமல் நேரே சர்வரிடம் அனுப்பிவிடும். பிரச்சினை அடுத்த கட்டத்தில் வருகிறது. கேஷ் போட்டும் வேகம் கூடவில்லையே என்று ஒருவர் தேடுகிறார். அந்த ஹெடர்களைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் ஒரு வரி எங்கோ கிடைக்கிறது. ஒட்டுகிறார், தளம் பறக்கிறது. அந்த ஒரு வரி, ‘இது இவருக்கு மட்டும்’ என்று சர்வர் கத்திக்கொண்டிருப்பதைக் கேட்காதபடி ப்ராக்ஸியின் காதில் பஞ்சை வைத்து அடைத்ததை அவர் உணர்வதில்லை. சோதித்துப் பார்ப்பதும் தனியாளாகத்தான். தன் பக்கம் தனக்கே வருவதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று படுக்கப் போகிறார். இரண்டு உலாவிகளில் இரண்டு கணக்குகளோடு திறந்து பார்க்கும் இரண்டு நிமிட வேலையை, ஏனோ பெரும்பாலான செய்முறைக் குறிப்புகள் எழுதுவதே இல்லை.

ஆகவே கேஷை, வைக்கக்கூடாதவற்றின் பட்டியலாக எழுதக்கூடாது. வைக்கலாம் என்பவற்றின் பட்டியலாக எழுத வேண்டும். படங்கள், ஸ்டைல் கோப்புகள், முகப்பு, அறிவிப்புகள். பெயர் இல்லாத எதுவும் நேரே சர்வருக்கு. கொஞ்சம் வேகம் குறையும், குறையட்டும்.

இன்னும் ஒரே ஒன்று. ப்ராக்ஸியும் சர்வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக இணைப்பைத் திறந்து மூடுவது வீண் செலவு. ஒரே இணைப்பைத் திறந்து வைத்து, பல பேரின் கோரிக்கைகளை அதன் வழியே ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் வேகம். எல்லாரும் பரிந்துரைப்பதுதான், செய்ய வேண்டியதும்கூட. ஆனால் ஒருவரின் கோரிக்கை எங்கே முடிகிறது, அடுத்தவருடையது எங்கே தொடங்குகிறது என்பதில் இரண்டு மென்பொருளும் ஒத்துப்போக வேண்டும். நீளத்தைச் சொல்ல எச்.டி.டி.பி 1.1 இல் இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் முரணாகக் குறிப்பிட்டு ஒரு கோரிக்கையை அனுப்பினால், ப்ராக்ஸி ஒன்றை நம்பும், சர்வர் மற்றதை நம்பும். மிச்சம் விழும் துண்டு, அடுத்து வரும் யாரோ ஒருவரின் கோரிக்கைக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். 2005 இல் வாட்ச்ஃபயர் நிறுவனத்தினர் இதை விளக்கினார்கள். எல்லாரும் மறந்துவிட்டார்கள். 2019 இல் போர்ட்ஸ்விக்கர் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெட்டில் மறுபடி எடுத்து, பெரிய பெரிய தளங்களிலேயே அது இன்னும் வேலை செய்வதைக் காட்டினார். இதற்குத் தனியாளாகச் செய்யக்கூடியது இரண்டு பக்க மென்பொருளையும் தவறாமல் புதுப்பிப்பதும், முரணான கோரிக்கையைத் திருத்த முயலாமல் மறுத்துவிடும் ப்ராக்ஸியைத் தேர்ந்தெடுப்பதும்தான். ‘ஓடுகிற சர்வரைத் தொடாதே’ என்ற பழைய ஞானம் இங்கே செல்லாது.

இவ்வளவும் எதற்கு, நம்முடையது சின்னத் தளம்தானே, யார் வந்து தாக்கப்போகிறார் என்று ஒரு வாதம் எப்போதும் வரும். இசட்மேப் போன்ற கருவிகள் தட்டும்போது இது பெரிய தளமா சின்னத் தளமா என்று கேட்டுவிட்டுத் தட்டுவதில்லை. தவிர, துறையின் சிம்போசியத்துக்காக ஒரு வாரத்தில் எழுதப்பட்ட தளத்தில்கூடப் பதிவு செய்த ஆயிரம் மாணவ மாணவியரின் பெயர், செல்பேசி எண், கல்லூரி எல்லாம் இருக்கும். அந்த எண்கள் வெளியே போனால் தொந்தரவு வரப்போவது சர்வரை அமைத்தவருக்கு அல்ல. நள்ளிரவில் அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வாங்கப்போகும் ஒரு பெண்ணுக்கு.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயமான வாதம் உண்டு: மாணவர்கள் இதையெல்லாம் கையால் செய்யவே வேண்டாம், ஒரு சேவையிடம் மொத்தமாக ஒப்படைத்துவிடலாம் என்பது. சான்றிதழ் புதுப்பிப்பதிலிருந்து ஸ்லோலோரிஸ் வரை அவர்கள் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள், தனியாள் செய்வதைவிட நன்றாக. ஆனால் எந்தப் பக்கம் எல்லாருக்கும், எந்தப் பக்கம் ஒருவருக்கு என்பது அவர்களுக்குத் தெரியாது. தளத்தை எழுதியவருக்குத்தான் தெரியும். ஸ்டீமில் கேஷைப் பார்த்துக்கொண்டதும் அப்படி ஒப்படைக்கப்பட்ட ஒரு நிறுவனம்தான். இன்னொரு பக்கம், ஒரு நாளைக்கு இருநூறு பேர் வரும் தளத்துக்கு ஒரு என்ஜின்எக்ஸ், அதற்கு முன்னால் ஒரு சி.டி.என், நடுவில் ஒரு வார்னிஷ் என்று அடுக்குவதும் வேடிக்கைதான். அடுக்கு கூடக் கூட, யார் யாரை நம்புகிறார்கள் என்ற கணக்கும் கூடும். இருநூறு பேருக்கு ஒரு சர்வர் தனியாகவே போதும், முகத்தை நேரே பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ப்ராக்ஸிக்குப் பின்னால் ஒரு தளம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்து பார்க்கக்கூடியது ஒன்று. செல்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், உலாவியில் தளத்தின் பெயருக்குப் பதிலாகப் பின்னால் இருக்கும் சர்வரின் ஐபி முகவரியை நேரே அடியுங்கள். சுற்றிச் சுற்றி எதுவும் வராமல் நின்றால் நல்லது. தளத்தின் முகப்புப் பக்கம் அழகாக வந்து நின்றால், அன்றைய தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுவிட்டு ஃபயர்வால் விதிகளைத் திறக்க வேண்டியதுதான். அதை முடித்துவிட்டு லாக் கோப்பையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ப்ராக்ஸி வழியாக வராத முகவரிகள் எத்தனை நாட்களாக வந்துபோயிருக்கின்றன என்று அதில் இருக்கும்.